மாமா எடுத்து வைக்கச் சொன்ன ஓலை

அம்மை பிறந்த வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம் என்று பெரிய மாமா போனில் சொன்னபோது, நான் முதலில் கேட்டது மச்சில் இருந்த பெட்டியைப் பற்றித்தான். "அது கிடக்கு மக்கா. பழைய பித்தளை எடுக்க வந்தவன் பெட்டிக்கு மட்டும் விலை சொல்லிட்டுப் போயிருக்கான். உள்ள இருக்கதத் தூக்கி அடுப்புல வச்சிரலாம்னு அத்தை சொல்லுதா" என்றார். அன்று மாலை பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன்.

நாகர்கோவிலுக்கு வடக்கே பூதப்பாண்டி போகும் வழியில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஊர். வீட்டின் மச்சில் ஒரு பலாமரப் பெட்டி. மூலைகளில் பித்தளைப் பூண். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது சரஸ்வதி பூஜையன்று மட்டும் அது கீழே இறங்கும். ஆச்சி ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, விளக்குக்கு முன்னால் ஒரு பகல் முழுக்க வைத்திருப்பாள். மறுநாள் பெட்டி மச்சுக்குப் போய்விடும். திறந்து பார்க்க விட்டதில்லை. "பாட்டாமாருக்க எழுத்து இருக்கு அதுல. தொடப்பிடாது" என்பாள். அந்த வீட்டில் யாருக்கும் ஓலை வாசிக்கத் தெரியாது. ஆச்சிக்கும் தெரியாது. அச்செழுத்தே அவள் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பாள்.

பெட்டியைத் திறந்ததும் வசம்பு வாசம். யாரோ எந்தக் காலத்திலோ போட்டு வைத்த வசம்புத் துண்டுகள் கட்டையாக இறுகிப்போய்க் கிடந்தன. மஞ்சள் துணியில் சுற்றிய ஐந்து கட்டுகள். எண்ணிப் பார்த்ததில் 63 ஓலைகள். அவற்றுக்கு அடியில், எங்கள் பகுதியை அப்போது ஆண்ட திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரை போட்ட முத்திரைத் தாள்கள், சில தமிழில், சில மலையாளத்தில். ஒரு கட்டை ராமபாணப் பூச்சி ஓரமெல்லாம் தின்றிருந்தது. மற்ற நாலும் தப்பியிருந்தன. முதலில் ஏழெட்டுக் கட்டுகள் இருந்தனவாம். படித்துச் சொல்கிறேன் என்று ஒருவர் பல வருடங்களுக்கு முன் இரண்டு மூன்றை வாங்கிப் போனார், அவை திரும்பவில்லை. வாங்கிப்போனவர் யார் என்பதே இப்போது மாமாவுக்கு நினைவில்லை.

எனக்கு ஓலை வாசிக்கத் தெரியாது. நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், வட்டெழுத்து என்கிற பழைய எழுத்தும் வாசிப்பார். நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்து பெட்டியைப் பார்த்தார். கை வைக்கவில்லை. "கட்டை அவுக்கதுக்கு முன்னால ஒரு போட்டோ எடுத்துக்கோ. எது மேல எது இருந்துன்னு நாளைக்கி யாருக்கும் சொல்லத் தெரியாது" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று எனக்குப் புரியவில்லை. ஓலையில் எழுதியிருப்பதுதானே செய்தி, கட்டின கயிற்றில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

சுத்தம் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு வாரம். அண்ணாச்சி முதலில் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினார். பிறகு பஞ்சில் சாராயச் சத்து தொட்டு, எழுத்து ஓடும் திசையிலேயே துடைத்தார். குறுக்கே துடைத்தால் நரம்பு கிழியும். பிறகு புல்தைலம். வறண்டு முறியக் கிடந்த ஓலை அந்த எண்ணெயைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. கடைசியில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஓலை முழுக்கப் பூசினார். ஓலை கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. கெடுத்துவிட்டாரே என்று பயந்தேன். உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். மேலே இருந்த கரியெல்லாம் போய், எழுத்தாணி கீறிய பள்ளங்களில் மட்டும் நின்றுகொண்டது. ஒன்றுமே இல்லாமல் வெறும் மஞ்சளாகக் கிடந்த ஓலையில் ஆறு வரி எழுந்து வந்தது. ஓலையில் எழுதுவதென்றால் மை தொட்டு எழுதுவதல்ல, கீறுவது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கண்ணால் பார்க்கும்வரை எனக்கு அது உறைக்கவில்லை.

வாசிப்பு அதைவிட மெதுவாக நடந்தது. ஓலையில் புள்ளி கிடையாது. ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதிப் போவார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. அண்ணாச்சி ஒரு வரியை மூன்று விதமாகப் பிரித்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். எது காதுக்குப் பத்திரம் போல ஒலிக்கிறதோ அதை எழுதிக்கொள்ளச் சொல்வார். "பத்திரத்துக்கு ஒரு தாளம் உண்டு. அது பிடிபட்டா பாதி தானா வரும்" என்பார்.

ஆண்டுக் கணக்கு எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. எங்கள் பக்கத்து ஓலையில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் தை முதல் ஆடி வரையிலான மாதங்களுக்கு ஆங்கில ஆண்டு வந்துவிடும். ஆவணி முதல் மார்கழி வரை 824, மார்கழிக் கடைசியில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். சோழநாட்டு, தொண்டைநாட்டு ஓலைகளில் பல நேரம் பிரபவ, விபவ என்று வருஷப் பெயர் மட்டும் இருக்கும். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், அட்சய வருஷம் என்றால் 1746-ஆ, 1806-ஆ, 1866-ஆ என்று தேட வேண்டும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எண்களைப் பார்க்கவே அழகாக இருந்தது. 982 என்பதை ௯௱௮௰௨ என்று எழுதியிருந்தார்கள். ஒன்பது, நூறு, எட்டு, பத்து, இரண்டு. வாயால் சொல்வது போலவே கையும் எழுதுகிறது. மேற்படி என்பதற்கு ஒற்றை எழுத்தாக ௸. ஓலையில் இடம் அருமை, எழுதுகிறவன் கை வலி அதைவிடப் பெரிது. சுருக்கெழுத்து இல்லாமல் முடியாது.

முதல் மூன்று கட்டுகளில் நிலம். இத்தனை மரக்கால் விதைப்பாடு வயலை இன்னார் ஒற்றிக்கு, அதாவது அடமானத்துக்குக் கொடுத்தார், இத்தனை கோட்டை நெல் பாட்டம், அதாவது குத்தகை அளக்க வேண்டும், மடை இன்ன இடத்தில், வடக்கெல்லை இன்ன வாய்க்கால். எங்கள் ஊரில் நிலத்தை அளப்பதே விதைநெல்லால்தான். 21 மரக்கால் ஒரு கோட்டை. ஒரு கோட்டை விதைக்கும் வயல், ஒரு கோட்டை விதைப்பாடு. அறுவடையும் கடனும் வட்டியும் பெண்ணுக்குக் கொடுக்கும் சீரும் எல்லாம் கோட்டையில். பணம் என்ற சொல் வரும் இடங்கள் குறைவு.

இத்தனை ஓலை ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்தில் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டேன். மருமக்கள்வழி என்றார் அண்ணாச்சி. எங்கள் பகுதியான நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் 1926-இல் சட்டம் வந்து மாற்றும்வரை சொத்து அப்பனிடமிருந்து மகனுக்குப் போகவில்லை. மாமனிடமிருந்து சகோதரி மகனுக்குப் போனது. குடும்பத்து மூத்த ஆண்தான் காரணவர். தன் சொந்தப் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அவர் எதையாவது ஒதுக்கினால் அதற்கு உகந்துடைமை என்று தனிப் பேர், தனி ஓலை. மருமகன்மார் ஒருபக்கம், பிள்ளைகள் ஒருபக்கம் என்று வழக்கு ஓயாது. இந்த முறையின் கொடுமையைத்தான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பாட்டாகப் பாடினார். ஆகவே எந்தக் கொடுக்கல் வாங்கலையும் எழுதி வைக்காமல் விட முடியாது. 1926-க்குப் பிறகு பங்கு வைத்தபோது வயல் பிரிந்தது, பாத்திரம் பிரிந்தது. ஓலைகளை யாரும் கேட்கவில்லை. பழைய வீடு யாருக்குப் போனதோ அவர் மச்சிலேயே தங்கிவிட்டன.

கவிமணியின் பேரைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கவிமணியை 'தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு' எழுதிய குழந்தைக் கவிஞராகத்தான் பெரும்பாலோருக்குத் தெரியும். அவர் கல்வெட்டும் ஓலையும் வாசித்தவர். அழகியபாண்டியபுரத்தில் பெரிய வீட்டு முதலியார் என்று ஒரு குடும்பம். திருவிதாங்கூருக்கு முந்தைய வேணாட்டு அரசின் சார்பில் நாஞ்சில் நாட்டில் வரியும் நிர்வாகமும் பார்த்தவர்கள். அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த ஓலைகளை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிமணி பார்த்தார், அவற்றைப் படியெடுத்தார். முதலியார் ஓலைகள் என்று இன்று ஆய்வாளர்கள் சொல்வது அவற்றைத்தான். ஒரு வீட்டுக் காகிதம் ஒரு நாட்டின் வரலாறு ஆனதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அரசன் அனுப்பிய நீட்டு என்கிற ஆணை, நிலத்து ஒற்றி, வரி பாக்கி, ஊர்ச் சண்டை, திருமண ஒப்பந்தம் எல்லாம் அதில் இருக்கின்றன. கோவில் கல்வெட்டில் அரசன் என்ன கொடுத்தான் என்று இருக்கும். ஊரில் யார் யாரிடம் என்ன கடன்பட்டான், ஏன் சண்டை வந்தது என்பதற்கு ஓலைதான். குமரி மாவட்ட வரலாற்றுக்காக வாழ்நாளெல்லாம் அலைந்த அ.கா. பெருமாள் பின்னால் அந்த ஓலைகளைப் பதிப்பித்துத் தந்ததால்தான் என்னைப் போன்றவர்கள் அவற்றை வாசிக்க முடிகிறது.

அந்த முதலியார் ஓலைகளில் மனிதர்களை விற்ற ஓலைகளும் உண்டு. எனக்கு அது தெரியும். எங்கள் பெட்டியிலும் இருக்கும் என்று மட்டும் நான் நினைக்கவே இல்லை.

நாலாவது கட்டில் 41-ஆவது ஓலை. கரி பூசித் துடைத்ததும் அண்ணாச்சி முதல் வரியை வாசித்தார். கொல்லம் 982-ஆம் ஆண்டு மாசி மாதம், அதாவது 1807. ஊர்ப் பெயர், கொடுப்பவர் பெயர், வாங்குபவர் பெயர். வாங்குபவர் எங்கள் காரணவர். அடுத்த வரியில் அண்ணாச்சியின் குரல் இறங்கிவிட்டது. ஒரு பெண்ணின் பெயர். அவள் மகன் பெயர். மகள் பெயர். மூவருக்கும் சேர்த்து இத்தனை பணம். அதற்குப் பின்னால் வரும் வரி நாங்கள் அதுவரை பத்துத் தடவையாவது வாசித்திருந்த வரி. சந்ததிப் பிரவேசமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளக் கடவதாகவும் என்று, தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொள்ளலாம் என்று, வயலுக்கு எழுதியிருந்த அதே சொற்கள். ஓர் எழுத்து மாறவில்லை. எழுதிய கணக்கனுக்கு அந்த வாசகம் மனப்பாடம். வயல் என்று எழுத வேண்டிய இடத்தில் மூன்று பேரை எழுதினான். அவ்வளவுதான் அவனுக்கு வேலை.

அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. காரணம் பின்னால் சொல்கிறேன்.

திருவிதாங்கூரில் அப்போது அது சட்டப்படி நடந்த காரியம். ஐந்து வருடம் கழித்து, 1812-இல் ராணி கௌரி லட்சுமிபாய் ஆட்களை விற்பதையும் வாங்குவதையும் தடுத்தார். அதிலும் நிலத்தோடு சேர்ந்த அடிமைகளுக்கு விலக்கு. நாஞ்சில் நாட்டில் வயலில்தான் அடிமைகள். உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1855-இல்தான் அடிமைமுறை அடியோடு ஒழிக்கப்பட்டது. 1807-இல் விற்கப்பட்ட அந்தச் சிறுமி உயிரோடு இருந்திருந்தால் அப்போது அவளுக்கு ஏறக்குறைய ஐம்பது வயதாவது இருக்கும்.

அன்று ராத்திரி மாமாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். ரொம்ப நேரம் வாசல் படிப்புரைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு வந்து, "மத்ததெல்லாம் எங்க வேணும்னாலும் குடு. இத மட்டும் எடுத்து மாத்தி வச்சிரு மக்கா. கீழ்த்தெருவுல உள்ளவங்க முகத்துல நாளைக்கி நான் முழிக்காண்டாமா?" என்றார்.

மாமா கெட்டவர் இல்லை. வெட்கப்பட்டதால்தான் அப்படிச் சொன்னார். அந்த வெட்கம் எனக்கும் இருந்தது. ஆச்சி சந்தனம் தொட்டு வைத்த கை என் கண்ணிலேயே நின்றது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அவள் கும்பிட்டாள். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாள்?

கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிப் போன கதை பலருக்கும் தெரியும். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம், அப்படிச் செய்யச் சாஸ்திரம் இருக்கிறது என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்ட வீடுகளும் உண்டு. அழிந்த சங்க நூல்களை நினைத்து நாம் மனம் வேகிறோம், வேக வேண்டியதுதான். ஆனால் மரியாதையோடு நெருப்பில் போட்டதைவிட, இது வெளியே தெரியக் கூடாது என்று வீட்டுக்குள்ளேயே கிழித்துப் போட்டவை எத்தனை இருக்கும்? அதற்கு யாரும் சாட்சி இல்லை. ஒரு குடும்பம் தன் பேருக்கு நல்லது எது என்று பார்த்துப் பொறுக்கிக் கொடுத்த கட்டைக் காப்பகம் எத்தனை நூறு ஆண்டு பாதுகாத்தாலும், அது அந்தக் குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதைத்தான் பாதுகாக்கிறது.

மறுநாள் அண்ணாச்சி மாமாவிடம் தருமம் எதுவும் பேசவில்லை. கட்டை அவிழ்ப்பதற்கு முன் எடுத்த போட்டோவைக் காட்டினார். 40-ஆவது ஓலை, அதே வருடம் கார்த்திகை மாதத்து ஒற்றி. ஆளை விற்றவர் மூன்று மாதத்துக்கு முன் தன் வயலை எங்கள் காரணவரிடம் ஒற்றி வைத்திருக்கிறார். 42-ஆவது ஓலை, சித்திரை மாதம், அந்த ஒற்றியை மீட்டுக்கொண்டதற்கு எழுதிய கைச்சீட்டு. மீட்ட தொகைக்கும் 41-இல் உள்ள விலைக்கும் கணக்கு நேராக இருந்தது. வயலை மீட்க மூன்று பேரை விற்றிருக்கிறார். யாரோ ஒருவர் இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கோத்து ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார். "நடுவுல உள்ளத உருவிட்டா, கார்த்திகையில வச்ச ஒத்திய சித்திரையில எப்படி மீட்டான்னு எவனுக்கும் வெளங்காது. வயல் நல்லா வெளஞ்சிருக்கும்னு நெனப்பான்" என்றார் அண்ணாச்சி.

கட்டுக் கயிற்றில் என்ன இருக்கிறது என்று நான் முதல் நாள் நினைத்ததற்குப் பதில் அதுதான். ஓலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, நிலம் ஒரு பக்கம், பாட்டம் ஒரு பக்கம், கல்யாணம் ஒரு பக்கம் என்று அடுக்கியிருந்தால் இந்தக் கதை யாருக்கும் கிடைத்திருக்காது. பழைய வீடுகளில் இருந்து காகிதம் எடுக்கிற யாரைப் பார்த்தாலும் நான் இதைத்தான் சொல்கிறேன். தூசி தட்டும் ஆசையில் கட்டை அவிழ்த்துவிடாதீர்கள். முதலில் படம், பிறகு கட்டுக்கு ஒரு எண், கட்டுக்குள் ஓலைக்கு ஒரு எண். வகை பிரிப்பதைப் பட்டியலில் பிரித்துக்கொள்ளலாம்.

மாமா போட்டோவை வெகுநேரம் பார்த்தார். "அப்ப அவன் நெலத்த விடல, ஆள விட்டுட்டான்" என்றார். பிறகு ஓலையை எடுத்து வைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. கொடுக்கலாம் என்றும் சொல்லவில்லை.

இடையில் நான் ஒருமுறை திருவனந்தபுரம் போய் வந்தேன். எங்கள் ஓலைகளுக்குத் துணை ஆவணம் எதுவாவது கிடைக்குமா என்று பார்க்க. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நாலு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது மண் இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முன் முன்னூறு நானூறு வருடமாக எழுதின ஏடு அந்தப் பக்கமே இருந்துவிட்டது. பத்மநாபபுரத்தில் இருந்து ஆண்ட காலத்து ஓலைகூட அங்கேதான். இதில் எனக்கு மனக்குறை இல்லை. அது அந்த அரசின் ஆவணம், அந்த அரசு இருந்த இடத்தில் இருக்கிறது. ஆனால் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரின் பழங்கணக்கு எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்வதில்லை. அது குறைதான்.

திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கிற ஆவணக் காப்பகத்தில் ஓலைகளைச் சுருணையாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சுவடி போல இரண்டு கட்டைக்கு நடுவே அடுக்கியது இல்லை. நூற்றுக்கணக்கான ஓலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துச் சக்கரம் போலச் சுருட்டிக் கட்டியது. பக்கவாட்டில் பார்த்தால் வெட்டிய மரத்தின் வளையம் போல இருக்கும். பத்மநாபசுவாமி கோவிலின் மதிலகம் ஆவணங்கள் அப்படித்தான் இருக்கின்றன. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் என்று எழுத்து மாறிக்கொண்டே போகும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கேயே ஓலைச்சுவடிக்கென்று ஒரு அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். அங்கே நின்றபோது ஒன்று பட்டது. இத்தனையும் அரசு எழுதியது, கோவில் எழுதியது. அரசுக்கு எவ்வளவு நெல் வந்தது என்று இங்கே தெரியும். அந்த நெல்லை விதைத்தவர் பெயர் இங்கே கிடைப்பது அபூர்வம். அது கிடைக்கிற இடம் மச்சுப் பெட்டிகள்தான்.

மச்சுப் பெட்டிகளுக்காக யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பிரிட்டிஷ் நூலகம் 2004-இல் தொடங்கிய அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் ஊர்ப் பஞ்சாயத்து ஆவணங்களையும் நிலம் சார்ந்த குடும்ப ஆவணங்களையும் படமெடுத்திருக்கிறார்கள். ஓலை, செப்பேடு, காகிதம் எல்லாம். அந்தப் படங்களை இன்று யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஓலையைப் பறிகொடுக்க மனம் வராத குடும்பங்களுக்குப் படமெடுப்பது நல்ல வழி. எங்கள் மாமா போன்றவர்களும் அதற்குச் சம்மதிப்பார்கள்.

சம்மதித்தார். ஆனால் அதற்கு முன்னால் அவராகவே ஒரு காரியம் செய்தார். கீழ்த்தெருவில் ஒரு ஆசிரியர் இருக்கிறார், மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறார். மாமாவும் அவர் அப்பாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மாமா அவர் வீட்டுக்கு நடந்து போய், எங்கள் வீட்டில் இப்படி ஒரு ஓலை இருக்கிறது, உங்களிடம் கேட்காமல் ஒன்றும் செய்ய எனக்கு மனசில்லை என்று சொல்லியிருக்கிறார். போவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் வந்தார். படிப்புரையில் உட்காராமல் நேராக உள்ளே வந்தார். அண்ணாச்சி ஓலையைக் கண்ணாடிக்கு மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் குச்சியால் தொட்டுக் காட்டினார். பெண்ணின் பெயர் வந்த இடத்தில் ஆசிரியர், "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். சொன்னார். மகன் பெயர். மகள் பெயர். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து மூன்றையும் எழுதிக்கொண்டார்.

"எங்க அப்பாவுக்கு அவர் தாத்தா பேரு வரைக்கும் தெரியும். அதுக்கு மேல எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. எழுதி வச்சிருக்க எங்கிட்ட என்ன இருந்துது? வீட்டு மனைக்கே பட்டா எங்க அப்பா காலத்துலதான வந்துது" என்றார். கோபத்தோடு அவர் இதைச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் ஒரு வரிக்குக் கீழே அடுத்த வரி எழுதுவது போலச் சொன்னார். அந்த மூன்று பேர் அவருடைய முன்னோரா என்று யாராலும் சொல்ல முடியாது. அவரும் அப்படிச் சொல்லவில்லை. இந்த ஊரில், அந்தத் தெருவில் 1807-இல் வாழ்ந்த மூன்று பேரின் பெயர் கிடைத்திருக்கிறது, அதற்கு மேலே ஒன்றுமில்லை.

அந்தப் பெயர்களை நான் ஏன் இங்கே எழுதவில்லை என்றால் அவர் கேட்டுக்கொண்டதால்தான். "முதல்ல எங்க தெருவுல நான் சொல்லிக்கிடுதேன். எங்க ஆளுவ வேற யாரோ எழுதினத வாசிச்சுத் தெரிஞ்சுக்காண்டாம்" என்றார். நியாயம்தானே. அவர்களுடைய பெயர் எங்கள் பெட்டியில் இருநூறு வருடம் இருந்தது. யாரிடம் எப்போது சொல்வது என்பதை இனிமேலாவது அவர்கள் முடிவு செய்யட்டும்.

படமெடுப்பு இரண்டு நாள் நடந்தது. ஓலையின் இரண்டு பக்கமும், பக்கத்தில் ஒரு அளவுகோல், ஒரு எண் அட்டை. பூச்சி தின்ற கட்டை ஓலை ஓலையாகப் பிரிக்க முடியவில்லை. அதை அப்படியே படமெடுத்தோம், பிரிப்பதற்குக் கைதேர்ந்தவர்கள் வரட்டும். பிறகு பட்டியல். எண், நீள அகலம், எழுத்து, ஆண்டு, வகை, சுருக்கம். கடைசிக் கட்டத்துக்கு ஆவணத்தின் குடும்பம் என்று தலைப்பு. 40 வரை எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டுப் பெயரை எழுதிக்கொண்டே வந்தேன். 41-க்கு வந்ததும் கை நின்றது. ஆசிரியரைப் பார்த்தேன். அவர் தன் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் வீட்டுப் பெயருக்குக் கீழே அந்த மூன்று பெயரையும் பார்த்து எழுதினேன். மகள் பெயரில் ஒரு எழுத்தைத் தவறாக எழுதியிருந்தேன். மாமா பின்னால் நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. "றகரம் மக்கா, ரகரம் இல்ல" என்றார்.